அடிகுழாய்க்குப் போகும் கம்பி

பாடி
திருவள்ளுவர் ஆண்டு 2028, பங்குனி 3
(16.3.1997)

பாலைநிலத்தில் பிணி தீர்க்கும் பணியாற்றும் என் தங்கை லோகநாயகியே! அவளைச் சூழ்ந்தமர்ந்து இம்மடலைச் செவிமடுக்கும் செவிலித் தங்கையரே! உங்கள் அனைவர்க்கும் நாகப்பனின் வணக்கம். இங்கு நானும் உன் அண்ணி கன்னியம்மாளும் நலம். உன் நலமறிய அவா.

தம்பி வேம்புலியின் நலத்தை மட்டும் ஒற்றைச் சொல்லில் எழுத என் கை மறுக்கிறது. ஆகவே குற்றச்சாட்டை முதலில் வைக்கிறேன். குற்றவாளி ஒரு பெட்டி!

பாடிச் சந்திப்பில் சரக்குந்து மோதி, இடுப்புக்குக் கீழே அவன் உணர்விழந்து ஈராண்டு நிறைகிறது. முதலாண்டு முழுதும் சுவரைப் பார்த்தே கிடந்தான். அவன் தலையணைக்கடியில் சேர்த்து வைத்திருந்த உறக்க வில்லைகளை நாங்கள் கண்டெடுத்த செய்தியை நீ மறந்திருக்கமாட்டாய். அதன் பிறகன்றோ விடுப்பில் வந்த நீ அந்தப் பழைய கணிப்பொறியை வாங்கித் தந்தாய்! மகிழுந்துப் பந்தய விளையாட்டில் அவன் முதன்முதலாக மலைச்சாலையைக் கடந்த அன்று, "யண்ணா, இத்த பாத்தியா! நா வண்டி ஓட்டிகினு கீறேன்!" என்று கூவினானே, அந்த ஒரு குரலுக்காக என் மேடைகள் அனைத்தையும் துறப்பேன்.

இன்று அந்தப் பெட்டி மூத்து மூச்சிரைக்கிறது. நண்பன் கொடுத்த புதிய பந்தய விளையாட்டுக் குறுந்தட்டைப் போட்டால் இரண்டாம் வளைவிலேயே வண்டி உறைந்து நின்றுவிடுகிறது. அப்போது வேம்புலி மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். தங்கையே, ஆலை வாயிலில் குண்டாந்தடிக்கு எதிரே நின்று பேசியபோதும் அஞ்சாத நான், அந்தத் திரும்பலுக்கு அஞ்சுகிறேன்.

முகப்பேரில் கணிப்பொறிக் கடை வைத்திருக்கும் எத்திராசை அழைத்துவந்து காட்டினேன். பெட்டியைத் திறந்தார், சிரித்தார்.

"இன்னா தலைவரே, இது கம்ப்யூட்டரா, பொருட்காட்சில வெக்கறதா? நாலு எம்பி ராம்ல இப்ப இன்னா ஓடும்? தூக்கிக் கடாசு. புச்சா ஒண்ணு எடு."

"முழுதும் புதிதாய் வாங்க வலுவில்லை, எத்திராசு."

"அப்ப அந்தப் புள்ளைக்கு பல்லாங்குழி வாங்கிக் குடு."

அவர் போனபின்பும் அந்தச் சொல் போகவில்லை. பெட்டியின் இரும்பை வெறுங்காலோடு தொட்டால் சுள்ளென்று கடிக்கவும் செய்கிறது, அது பெரிதன்று. வேகம்தான் வேண்டும். வழி என்னவென்று கேட்டெழுது. மூலைக்கடைத் தொலைபேசியைக் கட்டணம் கட்டாததால் துண்டித்துவிட்டார்கள். இனி மடலே நமக்கு மேடை.

உன் உடன்பிறப்பு,
நாகப்பன்

---

மஸ்கட்
2.4.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

லோகு எழுதுவது. நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்குத் தலைசுற்றல் குறைந்ததா?

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் ஜெயசீலிதான் கட்டில்மேல் ஏறி நின்று படித்தாள். நம் ஆவடிப் பெண்தான். உங்கள் குரலை நன்றாகவே எடுக்கிறாள். "குற்றவாளி ஒரு பெட்டி" என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். உறக்க மாத்திரை வரி வந்ததும் நிறுத்திவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். இனி அப்படிப்பட்டவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள், அண்ணா.

எங்கள் மருத்துவமனையில் கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். எத்திராஜ் சொல்வதுபோல் எல்லாவற்றையும் தூக்கியெறிய வேண்டியதில்லையாம். திரை, விசைப்பலகை, தகவல் சேமிக்கும் தட்டு மூன்றும் இருக்கட்டும். உள்ளே இருக்கும் தாய்ப்பலகையையும் அதன் மூளையையும் மாற்றினால் போதும். நினைவகம் பதினாறு இருக்கட்டும். கடைசியாக வந்த பென்டியம் வேண்டாம், அதற்கு முந்தியது பாதி விலைக்குக் கிடைக்கும், பந்தய விளையாட்டுக்கு அதுவே ஏராளம் என்றார். மின்சாரம் தரும் உள்பெட்டியையும் கண்டிப்பாக மாற்றச் சொன்னார். வயர்கள் வயதானவை.

பெட்டி கடிப்பது பெரிதன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அண்ணா பெரிது. நம் வீட்டுச் சுவரில் மூன்று துளைப் பிளக்கு இருக்கிறதே தவிர, மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே கிடையாது. வீட்டுக்காரர் பேருக்கு வைத்தது. இங்கே எர்த் கம்பி இல்லாத கருவியை நோயாளி பக்கத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். வழிதவறும் மின்சாரம் மண்ணுக்குள் போக ஒரு பாதை வேண்டும். பாதை இல்லாவிட்டால் தொடுகிற மனிதன்தான் பாதை.

பன்னிரண்டாயிரத்துக்கு வரைவோலை வைத்திருக்கிறேன். முதலில் எர்த், பிறகு வேகம். வேம்புலிக்கு என் முத்தம். சுவரைப் பார்க்காதே என்று சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
லோகு

---

பாடி
4.5.1997

பேரன்புடைய லோகநாயகிக்கும், கட்டில்மேல் நின்று முழங்கும் ஆவடி வீராங்கனைக்கும் வணக்கம். அனைவரும் நலம். மெய்யாகவே நலம்!

நீ தந்த தொகைக்குள்ளேயே போர் முடிந்தது. எத்திராசின் கடையில் ஒரு முழுப் பகல் வாதாடினேன்.

"தலைவரே, மீட்டிங்கு மேரியே பேசறியே, நா இன்னா முதலாளி வர்க்கமா? நானும் வாடக கடைதாம்ப்பா!"

"நீர் அவ்வர்க்கம் அல்லீர், ஆனால் உமது விலை அவ்வர்க்கத்தின் விலை."

சிரித்துவிட்டார். சிரித்தவர் இறங்கித்தான் ஆகவேண்டும். தாய்ப்பலகையும் மூளையும் பதினாறு நினைவகமும் நீ வகுத்த வரம்புக்குள் வந்தன. பழைய கூடும் மின்வழங்கியும் நல்ல நிலையில் உள்ளமையால் அவற்றை விட்டுவைத்தேன். எத்திராசு முணுமுணுத்தார், வணிகர் முணுமுணுப்பது இயல்பே. அதில் மிஞ்சியதைக் கொண்டு தம்பிக்கு வண்டியோட்டும் கைச்சக்கரம் ஒன்று வாங்கினேன். கட்டிலோரப் பலகையின் விளிம்பில் அதைத் திருகிப் பொருத்திய நேரம் அவன் முகத்தை நீ கண்டிருக்க வேண்டும்!

புதிய பலகை பழைய கூட்டுக்குள் சற்று நெருக்கமாகவே அமர்ந்தது. மேல்மூடி மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. எத்திராசின் கைகள் தோற்றன. நானே முழங்காலை ஊன்றி அழுத்தினேன், பணிந்தது.

கட்டிலைச் சாளரத்தோரம் திருப்பிப் போட்டுவிட்டோம். முற்றமும் அடிகுழாயும் அங்கு வரும் பெண்களின் சண்டையும் அவனுக்குத் தெரியும். சுவரிலுள்ள மின்விசையைப் படுத்தபடியே தட்ட ஒரு மூங்கில் கழியும் வைத்துள்ளான். எவரையும் கூப்பிடத் தேவையில்லை என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

நீ வற்புறுத்திய பாதுகாப்பும் செய்து முடித்தாயிற்று. கவலை கொள்ளற்க.

உன் உடன்பிறப்பு,
நாகப்பன்

அக்கா, வேம்புலி. நல்லா கீறேன். நீ எப்டி கீற? புச்சு போர்டு சும்மா பறக்குது. ரெண்டாவது வளைவு, மூணாவது வளைவு, டன்னலு எல்லாம் தாண்டி கடலோரமா பூட்டேன். கால் இல்லாதவனுக்கு பிரேக்கு கைல குட்துகிறான் பாரு, அவன் மனுசன். அண்ணன் ஊட்ல கூட மைக்கு புட்ச்சா மேரியே பேசிகினு கீது, தாங்கல. நீ சீக்கிரம் வா. ரேசு வுடலாம். நாந்தான் ஜெயிப்பேன்.

---

மஸ்கட்
22.5.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அங்கே அக்கினி வெயில் எப்படி? வேம்புலியின் முதுகில் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறீர்களா?

அவன் எழுதிய ஐந்தாறு வரியை நான் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். அவன் தலையணைக்கு அடியில் என்ன இருந்தது, என் தலையணைக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்து ஓர் இரவு அழுதேன். மகிழ்ச்சியில்தான்.

மின்சார உள்பெட்டியை மாற்றவில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை. போகட்டும். ஆனால் "பாதுகாப்பு செய்தாயிற்று" என்றால் என்ன செய்தீர்கள்? எர்த் கம்பி எங்கே போகிறது? யார் போட்டது? மேடையில் எதிர்க்கட்சிக்காரர் இப்படி ஒற்றை வரியில் பதில் சொன்னால் விடுவீர்களா?

உடனே எழுதுங்கள்.

லோகு

---

பாடி
15.6.1997

அன்புத் தங்கைக்கு வணக்கம். அனைவரும் நலம்.

மடல் காலந்தாழ்ந்தமைக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் கூட்டமே காரணம். வேலைநீக்கம் செய்யப்பட்டோர்க்காக மூன்று மணிநேரம் முழங்கினேன். தொண்டை கட்டி, கன்னியம்மாள் தந்த மிளகுக் கசாயத்தில் மீண்டேன்.

வேம்புலி இப்போது பகலெல்லாம் ஓட்டுகிறான். தெரு இளைஞர்கள் சாளரத்துக்கு வெளியே நின்று பந்தயம் கட்டுகிறார்கள். முன்பு அவனைப் பார்க்க வந்தவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். இப்போது "மாமே, இன்னொரு ரவுண்டு" என்கிறார்கள். ஐயோ பாவத்தை நாட்டைவிட்டே விரட்டிய பெருமை உன் கணிப்பொறிக்கு!

நீ எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து வினவியதற்கு இதோ விடை. எர்த்துக் கம்பி இட மின்பணியாளரும் கரியும் உப்பும் குழியும் வேண்டும் என்று எத்திராசு நீட்டினார். நான் சிந்தித்தேன். மண்ணுக்குள் செல்லும் பாதைதானே தேவை? நம் முற்றத்து அடிகுழாய் அறுபதடி இரும்பு. அதன் கால் நிலத்தடி நீரில் நனைந்து நிற்கிறது. அதனினும் சிறந்த பாதை எது? பெட்டியின் இரும்பிலிருந்து செப்புக் கம்பியை இழுத்துச் சாளரத்தின் வழியே கொண்டுபோய் அடிகுழாயின் கழுத்தில் இறுகச் சுற்றிவிட்டேன். செலவு இல்லை. பெட்டி கடிப்பதும் அன்றோடு நின்றது. வாதம் முடிந்தது, வாக்கெடுப்புத் தேவையில்லை!

உன் உடன்பிறப்பு,
நாகப்பன்

---

மஸ்கட்
30.6.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடிகுழாய் என்று படித்ததும் அதற்குமேல் படிக்காமல் எழுந்துவிட்டேன். ஏழு குடும்பம் தண்ணீர் அடிக்கும் குழாய் அது. இங்குள்ள மின்பணியாளரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் படம் போட்டு விளக்கினார்: குழாய் முழுதும் இரும்பாக, தண்ணீர்வரை இறங்கியிருந்தால் மின்சாரம் மண்ணோடு போய்விடும், அப்போதைக்கு ஆபத்து இல்லை, ஆனாலும் அது முறையல்ல, தனிக் குழி போடுவதே முறை என்றார்.

ஆகவே இப்போதைக்கு உங்கள் வாதம் வென்றது. கைதட்டுகிறேன், அண்ணா, ஆனால் அரை மனதோடு. தைக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்ததும் முதல் வேலை குழி தோண்டுவதுதான். அதுவரை அந்தக் குழாயை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோகு

---

பாடி
22.7.1997

அன்புத் தங்கை லோகநாயகிக்கும், செவிமடுக்கும் தோழியர்க்கும் வணக்கம். அனைவரும் நலம், அறிவு ஒன்றைத் தவிர!

ஆம், இம்முறை குற்றவாளி பெட்டியன்று. மூடநம்பிக்கை! நம் முற்றத்து அடிகுழாயில் அம்மன் இறங்கிவிட்டாளாம்!

நடந்ததைக் கேள். ஆடி பிறப்பதற்கு முன்பே குழாய்நீர் துருவேறிச் செந்நீராய் வந்தது. உன் மடல் வந்த வேளையில் வேலை தொடங்கிவிட்டிருந்தது. ஏழு குடும்பத்தையும் கூட்டித் தலைமையேற்று, உள்ளிருந்த பழைய இரும்புக் குழலை உருவியெடுத்து, என்றும் துருப்பிடியாத நெகிழிக் குழலை இறக்கினோம். மேலே நாம் பிடித்தடிக்கும் இரும்புத் தலை மட்டும் பழையது. தெளிந்த நீர் பொங்கியது. எனக்கு மாலையிட்டனர். குழாயின் கழுத்தில் என் செப்புக் கம்பியை நானே மீண்டும் சுற்றினேன்.

ஆடி பிறந்தது, தூறல் விழுந்தது, தொடங்கியது கூத்து! எதிர்வீட்டு ராஜம்மா நீரடிக்கையில் "ஆத்தா!" என்று அலறித் தூக்கியெறியப்பட்டாராம். குடம் நசுங்கிற்று.

"கொழா கட்சிச்சிப்பா! புட்ச்ச கைய வுட மாட்டுது! கூழு ஊத்தாம பழைய கொழாய புடுங்கிப் போட்டீங்கல்ல, அவ சும்மா வுடுவாளா?" என்று முற்றமே அதிரக் கத்தினார்.

மறுநாள் உன் அண்ணியும் அதையே சொன்னாள், தங்கையே! என் வீட்டிலேயே! இப்போது குழாயின் கழுத்தில் வேப்பிலை, தலையில் மஞ்சள், அடியில் எலுமிச்சம்பழம். கன்னியம்மாள் கையில் துணி சுற்றிக்கொண்டு நீரடிக்கிறாள்.

நான் வாளாவிருப்பேனா? அனைவரும் பார்க்க மும்முறை சென்று குழாயை இறுகப் பற்றினேன். கடிக்கவில்லை! எறும்பளவும் கடிக்கவில்லை! "அவரு ஆம்பள, அதான்" என்கிறார் ராஜம்மா. இதனினும் இழிவுண்டோ?

ஆகவே அறிவித்துவிட்டேன். ஆகசுட்டுப் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, முற்றத்திலே பொதுக்கூட்டம். உடல் நனைய நீரூற்றிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் நின்று, இரு கைகளாலும் அக்குழாயைப் பற்றியபடி என் உரை முழுதையும் நிகழ்த்துவேன். உரை முடியும்போது ஏழு குடும்பத்து அச்சமும் முடியும்.

உன் உடன்பிறப்பு,
நாகப்பன்

அக்கா. வேம்புலி. அந்த மீட்டிங்கு வோணாம்னு அண்ணனுக்கு எழுதுக்கா. நா சொன்னா கேக்காது. ஏன்னு மட்டும் கேக்காத.

---

மஸ்கட்
5.8.1997

அன்புத் தம்பி வேம்புலிக்கு,

அக்கா எழுதுவது. இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஜெயசீலி ஏழாம் தேதி விமானத்தில் ஊருக்குக் கிளம்புகிறாள். ஆவடிக்குப் போகும் முன் பாடியில் இறங்கி உன் கையிலேயே கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். நீ நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அண்ணாவின் கடிதம் நேற்றுதான் வந்தது. நெகிழிக் குழல் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் இறங்காது. அந்தக் கம்பி இப்போது எங்கேயும் போகவில்லை, தம்பி. உன் பெட்டியிலிருந்து கிளம்பிக் குழாயின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டு, யார் ஈரக்கையோடு வருவார் என்று காத்திருக்கிறது.

மூலைக்கடை எண்ணுக்கு இன்னும் உயிர் இல்லை. அண்ணாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்: குழாயைத் தொடாதே. ஆனால் அண்ணாவை உனக்குத் தெரியாதா? பெண்களின் பயம் கடல்கடந்தும் வந்துவிட்டது பாருங்கள் என்று அந்தத் தந்தியையே மேடையில் படித்துக் காட்டுவார்.

பிறகு உன் இரண்டு வரியைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ராஜம்மாவைக் கடிக்கிறது, அண்ணியைக் கடிக்கிறது, அண்ணா தொடும்போது மட்டும் கடிப்பதில்லை. அது ஏன் என்று யோசித்தேன். சாளரத்தோரம் கட்டில் இருக்கிறது. சாளரத்தின் வழியே குழாய் தெரிகிறது. கையில் மூங்கில் கழி இருக்கிறது.

அண்ணா குழாய்ப்பக்கம் நடக்கும்போதெல்லாம் நீ சுவர் விசையை அணைத்துவிடுகிறாய்.

உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கமாட்டேன். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கமாட்டேன், எனக்குத் தெரியும். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். மறுபடி சுவர்தான் மிஞ்சும் என்ற பயம். உன்னைவிட எனக்கு அந்தப் பயம் அதிகம், தம்பி. இந்தக் கடிதத்தை எழுதிவிட்டு, உன் தலையணைக்கு அடியில் என்ன இருக்கும் என்று நினைத்தபடி நான் எத்தனை நாள் இங்கே கிடக்கப்போகிறேனோ. இருந்தும் எழுதுகிறேன்.

ஞாயிறன்று அண்ணாவை நீ காப்பாற்றிவிடுவாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் குழாயை விட்டு நகர்ந்ததும் விசையைப் போடுவாய். அவர் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று ஏழு வீட்டுப் பெண்களும் நம்புவார்கள். அண்ணி கையில் சுற்றிய துணியை அவிழ்த்துவிடுவாள். திங்கட்கிழமை மழை பெய்யும். ராஜம்மாவுக்கு யார் விசையை அணைப்பது?

நீ ஓட்டுகிற வண்டியின் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வேம்புலி. உன்மேல் மோதியவன் பிரேக்கைப் போடவில்லை. நீ போடு. இப்போதே போடு. பிளக்கைப் பிடுங்கு. எல்லோர் முன்னாலும் கத்திச் சொல்.

அக்கா

---

பாடி
12.8.1997

தங்கை லோகநாயகிக்கு,

அனைவரும் உயிரோடு இருக்கிறோம். இம்முறை நலம் என்பதற்கு அதுவே பொருள்.

ஞாயிறு மாலை முற்றம் நிரம்பியிருந்தது. ஆவடி வீராங்கனை தம்பியின் கையில் சேர்த்த உன் மடலைப் பின்னரே படித்தேன்; அதில் நீ எண்ணியவாறே உன் தந்தியைப் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள். குடம் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிச் சேற்றில் நின்றேன். "இதோ, உங்கள் அம்மன்!" என்று கைகளை நீட்டினேன். குழாய்க்கும் விரலுக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும்.

"யண்ணா! தொடாத! கம்பில கரண்ட்டு கீது!"

சாளரக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வேம்புலி அலறினான். அவன் உடல் பாதி கட்டிலுக்கு வெளியே இருந்தது.

"ஒயர்ல லீக்கு கீதுண்ணா! நீ தொட்றப்பல்லாம் நாதான் சுச்ச அமுத்திகினு இருந்தேன்! இப்பவும் அமுத்திட்டுத்தான் கத்துறேன்! மெசின எட்துனு பூடுவீங்கன்னு பயந்துகினு சொல்லல!"

ராஜம்மாதான் முதலில் வாய்திறந்தார். "அடப்பாவி! நா செத்து பொழச்சேன்டா! எம் புள்ளைங்க தெருவுல நின்னிருக்கும்டா!"

"ஆமாக்கா," என்றான்.

எத்திராசு கூட்டத்தில் இருந்தார். விசையைப் போடச் சொல்லித் தம் சோதனை விளக்கைக் குழாயின் தலையில் வைத்தார். விளக்கு எரிந்தது, தங்கையே. வேப்பிலைக்கும் மஞ்சளுக்கும் நடுவே அது எரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னர் கம்பியை அறுத்துப் பெட்டியைத் திறந்தோம். மூடிக்கடியில், நான் முழங்கால் ஊன்றிய அதே இடத்தில், மின்கம்பி ஒன்று தோலுரிந்து இரும்பில் பல் பதித்திருந்தது.

அன்று முதல் அவன் சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். உண்ணவில்லை. கன்னியம்மாள் கட்டிலைவிட்டு நகரவில்லை. தலையணைக்கடியில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். புதிய மின்வழங்கியோடு எத்திராசு வந்துவிட்டார். உரிமம் பெற்ற மின்பணியாளரும் வந்து நிற்கிறார். குழிதான் இல்லை. முற்றம் ஏழு குடும்பத்துக்கும் பொது. நால்வர் அந்தப் பெட்டியைத் தெருவில் எறி என்கிறார்கள். ஆகவே இன்று காலை வீட்டுக்கு வீடு இவ்வேண்டுகோளைக் கொடுத்தேன். படி உனக்கும் வைத்துள்ளேன்.

நாகப்பன்

*

ஏழு குடும்பத்துப் பெரியோரே! நீர் சுமக்கும் தாய்மாரே!

குற்றவாளியைத் தேடி நீங்கள் என் வீட்டுச் சாளரத்தைப் பார்க்கிறீர்கள். அங்கே பார்க்காதீர்கள். கம்பியை உங்கள் குழாயில் கட்டியவன் நான். மூடியை அழுத்தியவன் நான். கைகளில் கடித்தது என்று நீங்கள் சொன்னபோது, உங்கள் கைகளை நம்பாமல் என் நாவை நம்பியவன் நான். உங்களுக்குத் தெரிந்திருந்தது, பெயர்தான் வேறாக இருந்தது.

என் தம்பி அஞ்சினான், உங்கள் உயிரோடு ஆடினான், அதை மறைக்கமாட்டேன். ஆயினும் உங்கள் அனைவர் முன்னிலையிலும் தன் ஒரே வண்டியைத் தானே நிறுத்தியவனும் அவன்தான். நிறுத்தியவன் இப்போது சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். அந்தச் சுவர் அவனை எங்கே கொண்டுபோகும் என்பதை நான் அறிவேன். ராஜம்மா, உங்கள் சினம் நேரியது. இருந்தும் முதல் கையை உங்களிடமே கேட்கிறேன்.

பெட்டியை எறிந்தால் ஒரு கம்பி போகும். நாளை உங்கள் வீட்டில் ஒரு மின்விசிறி கடிக்கும். ஒரு தேய்ப்புப்பெட்டி கடிக்கும். ஏழு வீட்டுச் சுவரிலும் மூன்றாம் துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை! ஒரே குழி போதும்; ஏழு வீட்டுக்கும் கம்பி இழுக்கலாம். கரி இருக்கிறது. உப்பு இருக்கிறது. இரும்புக் குழல் இருக்கிறது. மழை திரண்டு வருகிறது.

கடப்பாரை என் கையில் இருக்கிறது. இன்று நான் உரையாற்றப்போவதில்லை. மண்வெட்டியோடு வெளியே வாருங்கள். அவன் சாளரத்துக்குக் கீழேயே தோண்டுங்கள். ஓசை கேட்கத் தோண்டுங்கள். அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள். நாளை வேண்டாம், மாலை வேண்டாம். இப்போதே தோண்டுங்கள்!